நதிகள் எழுதிய நாகரிகம் - 3: அறுவடை நாளில் வந்த வெள்ளம்

சென்ற வாரம் நைல் நதிக்கரையில் இருந்தோம். எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் பருவமழை கோடையின் நடுவில் வெள்ளமாக எகிப்துக்கு வந்து சேரும். அக்டோபர் வாக்கில் வடிந்துவிடும். அந்த ஈர வண்டலில் விதைத்தால், வெயில் ஏறுவதற்குள் கதிர் முற்றிவிடும். நதியின் பருவமும் உழவரின் பருவமும் அங்கே கைகோத்து நடந்தன. அதே நினைப்போடு யூப்ரடீஸ், டைக்ரிஸ் பக்கம் போனால் ஏமாந்துபோவோம்.

இந்த இரண்டு நதிகளும் இன்றைய துருக்கியின் மலைகளில் பிறக்கின்றன. யூப்ரடீஸின் நீளம் சுமார் 2,800 கிலோமீட்டர், டைக்ரிஸ் சுமார் 1,900. வசந்தத்தில் மலைப்பனி உருகி, ஏப்ரல், மே மாதங்களில் பெருவெள்ளமாகத் தென் இராக்கின் சமவெளியில் இறங்கும். அங்கே கோதுமையும் பார்லியும் விதைக்கப்படுவது ஐப்பசி, கார்த்திகையில். வெள்ளம் வரும்போது பயிர் முற்றி அரிவாளுக்குக் காத்து நிற்கும். விதைக்க நீர் வேண்டிய நாளிலோ நதி மெலிந்து கிடக்கும். மழையை நம்பலாமா என்றால், ஆண்டு முழுவதும் பெய்வதே 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. மானாவாரிக்கு வழியே இல்லை.

உலகின் முதல் நகரங்கள் எழுந்தது இந்த இடத்தில்தான். ஆறு அள்ளிக் கொடுத்தது, மனிதன் வாங்கிக்கொண்டான் என்று பள்ளிப் பாடத்தில் படித்ததை, சுமேரியா என்று அழைக்கப்படும் இந்தத் தெற்குச் சமவெளிக்குப் பொருத்த எனக்கு மனம் வரவில்லை. அங்கே ஆறு கொடுத்ததைவிட, மனிதர்களைப் படுத்தியதே அதிகம்.

ஆனாலும் அந்த நிலத்தில் ஒரு வசதி இருந்தது. சமவெளி மிகத் தட்டையானது. வேகம் இழந்த ஆறு தன் வண்டலைத் தன் படுகையிலும் இரு கரைகளிலும் கொட்டிக்கொண்டே போகும். ஆண்டுகள் செல்லச் செல்லப் படுகை உயர்ந்து, சுற்றியுள்ள வயல்களைவிட ஆறு மேலே ஓடத் தொடங்கும். கரையில் ஒரு மடை வெட்டினால் போதும், இறைக்காமலே தண்ணீர் வயலுக்குப் பாயும். சில குடும்பங்கள் சேர்ந்தால் மண்வெட்டியோடு ஒரு வாய்க்காலைத் தோண்டிவிடலாம். அந்த வசதிக்குள்ளேயே ஆபத்தும் இருந்தது. வெள்ளக் காலத்தில் உயர்ந்த கரை உடைந்தால் விளைந்த வயல் மூழ்கும். சில சமயம் ஆறே பழைய தடத்தை விட்டுவிட்டுப் புதிய பள்ளத்தில் ஓடத் தொடங்கிவிடும். யூப்ரடீஸின் ஒரு கிளைக்கரையில் செழித்த உருக் நகரம் இன்று ஆற்றிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி வெறும் மண்மேடாகக் கிடக்கிறது.

கல் இல்லை, நல்ல மரம் இல்லை, செம்பு இல்லை. இருந்ததெல்லாம் களிமண்ணும் நாணலும். அதனால் வீடும் கோயிலும் மண் செங்கல்லால் எழுந்தன. மிகப் பழைய காலத்தில் கதிர் அறுக்கும் அரிவாளைக்கூடக் களிமண்ணில் வனைந்து சுட்டிருக்கிறார்கள். இல்லாதவற்றுக்காக வெளியே போனார்கள்: செம்புக்கு ஓமன் பக்கம், நீலக்கல்லுக்கு ஆப்கானிஸ்தான் மலைகள். கிமு 3200 வாக்கில் உருக்கில் ஈரக் களிமண் பலகையில் நாணல் குச்சியால் கீறத் தொடங்கினார்கள். அந்தத் தொடக்க காலப் பலகைகளில் பெரும்பாலானவை கணக்குகள். இத்தனை அளவு பார்லி, இத்தனை ஆடுகள், இன்னாருக்கு இவ்வளவு பீர். எழுத்து என்னும் பெரும் செல்வம் களஞ்சியக் கணக்கிலிருந்து பிறந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கணக்கர்கள்மீது எனக்கு மரியாதை கூடுகிறது.

பெரிய வாய்க்கால் வெட்டப் பெரிய அரசு வேண்டும், அதனால்தான் அரசர்கள் தோன்றினார்கள் என்று 1957இல் கார்ல் விட்ஃபோகல் ஒரு நூலில் வாதிட்டார். இராக்கின் சமவெளியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ராபர்ட் ஆடம்ஸ் அதை ஏற்கவில்லை. தொடக்க கால வாய்க்கால்கள் சிறியவை, ஊர்க்காரர்களே வெட்டிக்கொண்டவை. மிகப் பெரிய கால்வாய்கள் நகரங்கள் எழுந்த பிறகே வந்தன என்றார். ஆடம்ஸ் பக்கமே நான் நிற்கிறேன். வாய்க்கால் வெட்ட அரசன் தேவைப்படவில்லை. வெட்டிய வாய்க்காலில் யாருக்கு முதல் தண்ணீர் என்ற வழக்குதான் ஊரைத் தாண்டிப் போனது.

அதற்கு லகாஷ், உம்மா நகரங்களின் பகையைவிடத் தெளிவான சான்று இல்லை. உம்மா மேல்மடை, லகாஷ் கடைமடை. இரண்டுக்கும் நடுவே குஎதின்னா என்னும் வளமான நிலம். கிஷ் நகர அரசன் மெசிலிம் எல்லைக்கல் நட்டு வழக்கைத் தீர்த்துவைத்தான். உம்மாவின் அரசன் அந்தக் கல்லைப் பிடுங்கி எறிந்தான். கிமு 2450 வாக்கில் லகாஷின் எஅன்னாதும் போரில் வென்று, அந்த வெற்றியைக் கல்லில் செதுக்கிவைத்தான். இறந்த வீரர்களின் தலைகளைக் கழுகுகள் தூக்கிச் செல்லும் அந்தக் கல்லின் துண்டுகள் இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எஅன்னாதும் எல்லையில் வாய்க்கால் வெட்டினான். லகாஷின் நிலத்தில் விளைந்த பார்லியை உம்மா வட்டிக்கடனாகப் பெற்றுக்கொள்ளலாம் என்று ஏற்பாடும் ஆனது. வட்டி ஏறி ஏறி, கட்டவே முடியாத மலையாகிவிட்டது. உம்மாவின் அடுத்த அரசன் எல்லை வாய்க்காலின் நீரைத் திருப்பி, எல்லைக்கற்களுக்குத் தீ வைத்தான்.

இந்த வரலாறு முழுவதையும் எஅன்னாதுமின் தம்பி மகன் என்மெதெனா ஒரு களிமண் கூம்பில் எழுதிவைத்திருக்கிறான். வென்றவன் எழுதியது, உம்மாவின் நியாயம் அதில் இருக்காது. ஆனால் மேல்மடைக்காரர் மறித்தால் கடைமடை காயும் என்ற அச்சம் அதன் ஒவ்வொரு பத்தியிலும் தெரிகிறது. அந்த அச்சத்துக்கு லகாஷ் கண்ட தீர்வு, யூப்ரடீஸ் பக்கத்து நீரை மட்டும் நம்பாமல் டைக்ரிஸிலிருந்தே கால்வாய் கொண்டுவருவது.

தண்ணீர் தாராளமாக வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. இந்த நதிகளின் நீரில் உப்பு உண்டு. தட்டையான நிலத்தில் வடிகால் கிடையாது. பாய்ச்சப் பாய்ச்ச நிலத்தடி நீர் மேலே ஏறும். வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு மேல்மண்ணில் வெள்ளையாகப் பூக்கும். வயல் களராகிவிடும். உழவர்களுக்கு இதற்கு ஒரு மருந்து தெரிந்திருந்தது: ஓராண்டு விதைத்தால் மறு ஆண்டு தரிசாகப் போடுவது. தரிசில் ஆழ வேர்விடும் முட்செடிகள் முளைத்து அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும். நீர்மட்டம் கீழே இறங்கும், உப்பு மேலேறாது. கோயிலும் அரண்மனையும் விளைச்சல் கேட்டு நெருக்கும்போது, முதலில் பலியாவது இந்தத் தரிசுதான்.

1958இல் தோர்கில்ட் யாகப்சனும் ஆடம்ஸும் பழைய கணக்குப் பலகைகளைக் கூட்டிப் பார்த்தார்கள். தொடக்கத்தில் கோதுமையும் பார்லியும் ஏறக்குறைய சமமாக விளைந்த தெற்கில், உப்பைத் தாங்காத கோதுமை படிப்படியாகக் குறைந்து, கிமு 1700 வாக்கில் ஏறக்குறைய மறைந்தது என்றார்கள். அவர்கள் போட்ட விளைச்சல் அளவுகளைப் பின்வந்த அறிஞர்கள் சிலர் மறுத்திருக்கிறார்கள். உப்பு ஒன்றே சுமேரியாவை வீழ்த்தியது என்று நானும் சொல்லமாட்டேன். போர்கள் நடந்தன, ஆற்றின் நீரும் விலகியது. பாபிலோன் அரசன் ஹம்முராபி தன் சட்டத்தில் கரையைப் பராமரிக்காமல் விட்டவன் அடுத்தவன் வயல் நட்டத்தை ஈடுகட்ட வேண்டும், முடியாவிட்டால் அவனையே விற்கலாம் என்று விதித்தான். அவன் மகன் சம்சுஇலுனா காலத்தில், கிமு 18ஆம் நூற்றாண்டில், ஊர், உருக், லார்சா என்று தெற்கு நகரங்கள் ஒவ்வொன்றாக வெறிச்சோடின. உருக்கின் பூசாரிகள் தங்கள் தெய்வ வழிபாட்டையும் எடுத்துக்கொண்டு வடக்கே கிஷ் நகருக்குக் குடிபெயர்ந்தார்கள்.

(தொடரும்)