ஒரு சந்தை ஊரின் சினிமாக் கொட்டகை

லண்டன் மாநகருக்கு வடமேற்கே சுமார் 26 மைல் தொலைவில் பெர்க்காம்ஸ்டட் என்றொரு பழைய சந்தை ஊர் இருக்கிறது. இடிந்த கோட்டை ஒன்று, கால்வாய் ஒன்று, நீண்ட கடைத்தெரு ஒன்று. இவையே அவ்வூரின் அடையாளங்கள். இங்கிலாந்தின் சிற்றூர்களில் சினிமா எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறு நலிந்தது என்பதை அறிய இவ்வூரின் கதை ஒன்றே போதும்.

ஆதியில் படக்காட்சிகள் சந்தைக் கூடாரங்களிலும் பொது மண்டபங்களிலும் நடைபெற்றன. அக்காலத்துப் பிலிம் எளிதில் தீப்பற்றக் கூடியது. ஆகவே 1909-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றி, படக்காட்சிக்கு லைசென்ஸ் பெறவேண்டும் என்று விதித்தது. தீக்காப்புள்ள தனி அறையில் இயந்திரத்தை வைக்கும் வழக்கமும் வந்தது. இதன் பின்னர் ஊர்தோறும் நிலையான கொட்டகைகள் எழுந்தன. பெர்க்காம்ஸ்டடிலும் கோர்ட் தியேட்டர் முதலியன தோன்றின.

பேசும்படக் காலத்தில் ஊருக்கு ஓர் அரண்மனையே கிடைத்தது. எகர்ட்டன் மாளிகை என்னும் புராதன வீடு இருந்த இடத்தில், டேவிட் நை என்ற சிற்பியின் திட்டப்படி 'ரெக்ஸ்' கட்டப்பட்டு, 1938 மே மாதம் திறக்கப்பட்டது. கடலலைகளும் சிப்பிகளும் உள்ளே அலங்காரமாய் அமைந்தன. முதற் படம் குழந்தை நட்சத்திரம் ஷர்லி டெம்பிள் நடித்த 'ஹைடி'.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரபல நாவலாசிரியர் கிரஹாம் கிரீன் 1904-ல் பிறந்தது இவ்வூரிலேதான். அவர் ஷர்லியின் வேறொரு படத்தைப் பற்றி எழுதிய விமரிசனத்திற்காக மானநஷ்ட வழக்கு நடந்து, 3,500 பவுன் நஷ்டஈடு தீர்ப்பானது அதே 1938 மார்ச்சில்! இரண்டு மாதங்களுக்குள் அச்சிறுமியே அவருடைய ஊர்த் திரையில் தோன்றிவிட்டாள்.

1946-ல் பிரிட்டனில் 160 கோடிக்கு மேல் சினிமா டிக்கெட்டுகள் விற்றன. பின்னர் வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்தது. 1984-ல் அத்தொகை ஐந்தரைக் கோடிக்கும் கீழே இறங்கிற்று. ரெக்ஸும் தப்பவில்லை. அதன் கீழ்த்தளம் பிங்கோ விளையாட்டுக்குப் போயிற்று. 1988-ல் கதவுகள் அடைபட்டன.

பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அதே ஆண்டில் பதிவானதால் அது இடிபடாமல் தப்பியது. ஆனால் சட்டத்தால் சுவரைக் காக்க முடியுமேயன்றி, திரையில் ஒளியேற்ற முடியாதல்லவா? பதினாறு ஆண்டுகள் அது இருண்டு கிடந்தது. ஜேம்ஸ் ஹன்னவே என்பவர் பல்லாண்டுகள் விடாது முயன்று, 2004 டிசம்பரில் அதைப் புதுப்பித்துத் திறந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசனங்கள் இருந்த கொட்டகையில் இப்போது ஏறக்குறைய முந்நூறே உள்ளன. ஆயினும் மேசையருகே அமர்ந்து படம் பார்க்க ஜனங்கள் திரளாக வருகிறார்கள். பல காட்சிகளுக்கு இடமே கிடைப்பதில்லை.

வீட்டிலேயே படம் பார்க்க எத்தனையோ சாதனங்கள் வந்துவிட்டன. இருந்தும் அவ்வூரார் மாலையில் வெளியே வந்து, அண்டை அயலாருடன் இருளில் அமர்ந்து சேர்ந்து சிரிக்கிறார்கள். அந்த ஆசை உள்ளவரை அக்கொட்டகைக்கு அழிவில்லை.