சர்வர் நின்றாலும் செலவு நிற்பதில்லை

2025 ஏப்ரல் 12 அன்று நண்பகலுக்குச் சற்று முன் தொடங்கிச் சில மணி நேரம் நாடெங்கும் யு.பி.ஐ. சேவை தடைப்பட்டது. அன்று இரண்டாம் சனிக்கிழமை. வங்கிக் கிளைகளுக்கு விடுமுறை. விடுமுறை முடிந்து கிளையைத் திறந்தபோது எங்களிடம் முதலில் வந்தவர், மனைவியை மருத்துவமனையில் சேர்த்திருந்த ஒரு வாடிக்கையாளர். மருந்துக்கடையில் ரூ.4,200 செலுத்த மூன்று முறை முயன்றிருக்கிறார். கடைக்காரருக்கு ஒரு முறைகூடப் பணம் வரவில்லை. இவர் கணக்கிலோ இரண்டு முறை பற்று வைக்கப்பட்டுவிட்டது. பையில் பணமும் இல்லை, அட்டையும் இல்லை. உடனிருந்த முன்பின் அறியாத ஒருவர் உதவியதால் மருந்து கிடைத்திருக்கிறது. "என் பணம் எனக்கு உதவாமல் போய்விட்டதே" என்று அவர் கூறியபோது எங்களிடம் உடனடியாக விடை இல்லை. அந்த விடையைத்தான் இங்கே எழுத முற்படுகிறோம்.

தடை எங்கே என்று அறிவோம்

ஒரு யு.பி.ஐ. பரிவர்த்தனை நான்கு இடங்களைக் கடந்து செல்கிறது: நம் கைப்பேசியிலுள்ள செயலி, நம் வங்கியின் சர்வர், என்.பி.சி.ஐ. எனப்படும் தேசியக் கழகத்தின் மைய அமைப்பு, பணம் பெறுபவரின் வங்கி. இவற்றுள் எது நின்றாலும் நம் திரையில் தெரிவது ஒரே செய்திதான். ஆனால் மாற்று வழி ஒவ்வொன்றுக்கும் வேறு.

செயலி மட்டும் பழுதுபட்டிருந்தால், அதே கணக்கை இணைத்த வேறொரு செயலி வேலை செய்யும். நம் வங்கியின் சர்வர் நின்றிருந்தால் எத்தனை செயலிகள் இருந்தும் பயனில்லை. பெரும்பாலும் டெபிட் கார்டும் இயங்காது. அப்போது கைகொடுப்பது வேறொரு வங்கியிலுள்ள கணக்கே. யு.பி.ஐ. மைய அமைப்பே தடைப்பட்டால் கார்டு, ஏ.டி.எம்., நெட் பேங்கிங் ஆகியன தத்தம் வழியில் இயங்கிக்கொண்டிருக்கும். ரிசர்வ் வங்கி நடத்தும் நெஃப்ட் 2019 டிசம்பர் முதலும், ரூ.2 லட்சமும் அதற்கு மேலும் அனுப்புவதற்கான ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் முதலும், விடுமுறை நாள்களிலும்கூட 24 மணி நேரமும் கிடைக்கின்றன.

இணைய இணைப்பு மட்டுமே இல்லாதபோது, வங்கியில் பதிவு செய்த எண்ணிலிருந்து *99# என்று அழைத்து ரூ.5,000 வரை அனுப்பலாம். இதுவும் யு.பி.ஐ. வழியாகவே செல்வதால், மைய அமைப்பு நின்றால் இதுவும் நிற்கும். யு.பி.ஐ. லைட் சற்று வேறுபட்டது. முன்கூட்டியே அதில் ரூ.5,000 வரை ஏற்றி வைக்கலாம். ஒரு முறைக்கு ரூ.1,000 வரை செலுத்தலாம். ஒவ்வொரு முறையும் கணக்கில் பற்று வைக்க வேண்டியதில்லை என்பதால், வங்கியின் சர்வர் தாமதிக்கும் நேரத்திலும் சிறு செலவுகளுக்கு உதவும்.

மீண்டும் மீண்டும் அழுத்த வேண்டாம்

ஏப்ரல் 12 தடைக்கான காரணத்தை ஆராய்ந்தபோது, பரிவர்த்தனைகளின் நிலையைக் கேட்டு வங்கிகள் அனுப்பிய கோரிக்கைகள் அளவுக்கு மீறிக் குவிந்ததே அமைப்பைத் திணறச் செய்தது என்று தெரியவந்தது. அதன் பின்னரே, 2025 ஆகஸ்ட் 1 முதல் ஒரு செயலியில் நாளொன்றுக்கு 50 முறை மட்டுமே இருப்பைப் பார்க்கலாம் என்பது போன்ற வரம்புகள் வந்தன. இதில் தவறு வங்கிகள் பக்கம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் வாடிக்கையாளருக்கும் இதில் பாடம் உண்டு. "செயல்பாட்டில் உள்ளது" என்று திரை காட்டும்போது மறுபடி அனுப்பினால், இரண்டும் பற்றாகும் வாய்ப்பு உண்டு. முதலில் அனுப்பியதன் முடிவு தெரியும்வரை பொறுத்திருப்போம். அவசரமெனில் வேறு வழியில் செலுத்துவோம்.

பிடித்த பணம் எங்கே போகும்?

எங்கும் போகாது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் விதிப்படி, யு.பி.ஐ. மூலம் ஒருவருக்கு அனுப்பிய பணம் அவரைச் சேராவிடில், மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியது சேராவிட்டாலும், ஏ.டி.எம்.மில் பற்று வைத்துப் பணம் வராவிட்டாலும் ஐந்து நாள்களுக்குள் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு, வாடிக்கையாளர் கேட்காமலேயே வழங்கப்பட வேண்டும். அந்த வாடிக்கையாளரின் இரு பற்றுகளும் உரிய நாளுக்குள் வரவாயின.

திரும்பாவிடில், பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு செயலியிலோ கிளையிலோ புகார் செய்யுங்கள். 30 நாள்களுக்குள் வங்கி பதில் தராவிட்டாலும், தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடலாம். 14448 என்ற எண்ணில் வழிகாட்டுதல் கிடைக்கும்.

தடை நேரமே மோசடிக்காரர்களின் அறுவடைக் காலம் என்பதையும் மறத்தலாகாது. இணையத்தில் தேடிக் கிடைக்கும் "வாடிக்கையாளர் சேவை" எண்களை நம்ப வேண்டாம். கார்டின் பின்புறமோ பாஸ்புக்கிலோ உள்ள எண்ணையே அழையுங்கள். பணத்தைத் திரும்பப் பெற பின் எண் தேவையே இல்லை. அதைக் கேட்பவர் எவராயினும் அவர் வங்கியைச் சேர்ந்தவர் அல்லர். ஏமாந்துவிட்டால் தயங்காமல் 1930க்கு அழையுங்கள்.

நமது முன்னேற்பாடு

முன்னேற்பாடு பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு வங்கிகளில் கணக்கு, பையில் ஒரு டெபிட் கார்டு, யு.பி.ஐ. லைட்டில் சிறிது இருப்பு. வீட்டில் ஓரிரு நாள் செலவுக்கும் மருந்துக்கும் போதுமான ரொக்கம். பராமரிப்புப் பணிக்காகச் சேவை நிறுத்தப்படும் நேரத்தை வங்கி முன்கூட்டியே அறிவிக்கிறது. அக்குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழித்துவிட வேண்டாம். இவற்றை வீட்டிலுள்ள மூத்தோருக்கும் சொல்லி வைப்போம்.

அந்த வாடிக்கையாளரின் மனைவி நலம்பெற்று வீடு திரும்பினார். சென்ற மாதம் பாஸ்புக் பதிய வந்தவர், தம் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். உள்ளே கார்டும், மடித்து வைத்த நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்களும் இருந்தன.