அடுப்பில் நீலம், சிம்னியில் மஞ்சள்: ஏன்?

கேஸ் சிலிண்டரை அசைத்தால் உள்ளே தளும்புகிறதே, ஏன்? அதில் இருப்பவை புரொப்பேன், பியூட்டேன் என்ற ஹைட்ரோகார்பன்கள். மூன்று அல்லது நான்கு கார்பன் அணுக்களில் ஹைட்ரஜன் ஒட்டிய சின்ன மூலக்கூறுகள். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தித்தான் திரவமாக அடைத்திருக்கிறார்கள். வால்வைத் திறந்ததும் ஆவியாகிப் பாய்கிறது.

பர்னருக்கு வருமுன்பே காற்று கலந்துவிடுவதால் கார்பன் முழுதாக எரிந்து கார்பன் டை ஆக்சைடாகிறது, ஹைட்ரஜன் நீராவியாகிறது, சுடர் நீலம். மண்ணெண்ணெயிலோ பெரும்பாலும் 10 முதல் 16 கார்பன்கள் கொண்ட பெரிய மூலக்கூறுகள். அதை எரிக்கும் சிம்னி விளக்கில் காற்று வெளியிலிருந்துதான் சுடருக்குள் நுழைய வேண்டும். போதாமல் போவதால் எரியாத கரித்துகள்கள் பழுக்கக் காய்ந்து மஞ்சளாக ஒளிர்கின்றன. விளக்குக்கு அந்தக் கரிதான் வெளிச்சமே! அடுப்பு மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால், முதலில் பர்னர் துளைகளைப் பாருங்கள்.