ஓதம் ஏறிய சுவரும் நோயாளியின் நலமும்

ஆஸ்துமாவுக்கு நாம் தரும் மருந்து மூச்சுக்குழாயின் வீக்கத்தைத் தணிக்கும். ஆனால் நோயாளி திரும்பிச் சென்று படுக்கும் அறையின் சுவரில் பூசணம் படர்ந்திருந்தால், அது நோயை மீண்டும் தூண்டிவிடும். ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு இருமல், மூச்சிரைப்பு, சுவாசத் தொற்று ஆகியவை மிகுதி என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டிலேயே எச்சரித்துள்ளது.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், பூசணம் படர்ந்த வாடகை வீட்டில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் 2020 டிசம்பரில் உயிரிழந்தான். குறை கூறிய தந்தைக்குக் கிடைத்த பதில், அதன்மேல் வண்ணம் பூசிக்கொள்ளுங்கள் என்பதே. பூசணமே இறப்புக்குக் காரணம் என 2022-இல் விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார்.

எனவே, வீட்டை வாடகைக்கு விட்டிருப்போர்க்கு நாம் கூறுவது இதுதான்: வெள்ளையடிப்பதற்கு முன், நீர் வரும் வழியைக் கண்டறியுங்கள். தளத்தில் கறை தெரிந்தால், மொட்டை மாடியின் விரிசலையும் சருகு அடைத்த மழைநீர்க் குழாயையும் பாருங்கள். குளியலறைச் சுவரின் மறுபுறம் கோடையிலும் ஈரமாக இருந்தால், உட்குழாய் கசிகிறதா என்று சோதியுங்கள். சுவரின் அடிப்பகுதியில் மட்டும் ஈரம் ஏறி உப்புப் பூத்திருந்தால், அது தரையிலிருந்து வரும் ஓதம். வேப்பந்தட்டைப் பகுதியின் கரிசல் மண் மழைநீரை நெடுநாள் தேக்கி வைக்கும். ஆதலால் சுவரையொட்டி நீர் நிற்காமல் வாட்டம் அமைத்தல் வேண்டும். ஈரம் முற்றும் காய்ந்த பின்னரே பூச்சு வேலை நிலைக்கும்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம், கட்டட அமைப்பின் பழுது, வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல் ஆகியவற்றை உரிமையாளரின் பொறுப்பாகவும், சாக்கடை துப்புரவு போன்றவற்றைக் குடியிருப்பவரின் பொறுப்பாகவும் பிரிக்கிறது. எந்த ஊருக்கும் இது நல்ல வழிகாட்டி.

குடியிருப்போர் கசிவைக் கண்ட அன்றே உரிமையாளரிடம் தெரிவியுங்கள். நனைந்த பொருள்களை இரண்டு நாள்களுக்குள் உலர்த்திவிடுங்கள். படுக்கும் அறையில் ஈரத்துணி காயப்போட வேண்டா. கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். பூசணத்தைத் துடைக்கும்போது முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சோப்புநீரைப் பயன்படுத்துங்கள். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை அமிலத்தைக் கலக்கவே கூடாது; நச்சுவாயு எழும்.

நோயாளி அவ்வேளையில் அந்த அறையில் இருத்தல் ஆகாது. புற்றுநோய் மருந்தோ நெடுநாள் ஸ்டீராய்டோ எடுத்துக்கொள்வோருக்குப் பூசணம் நுரையீரல் தொற்றையே உண்டாக்கக்கூடும். அத்தகையோரை உலர்ந்த அறைக்கு மாற்றுங்கள். அடுத்த முறை வரும்போது, வீட்டில் ஓதம் இருப்பதை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள்.