மூப்பும் நோயுணர்வும்

நோய் உடலில் தோன்றுதல் ஒன்று; அதனை நோயென உணர்தல் பிறிதொன்று. இரண்டிற்கும் இடையே மனம் நிற்கின்றது.

மட்டக்களப்பு வாவியின் மேல்கரையாகிய படுவான்கரையில், வேளாண்மை செய்து தளர்ந்த முதியவர் ஒருவரிடம் உடல்நலம் வினவின், “வயது போனால் இப்படித்தான்” என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். கண் மங்கல், நடக்கையில் இளைப்பு, இரவிற் பலகால் சிறுநீர் கழித்தல் யாவும் அவ்வொரு விடையுள் அடங்கிவிடும். ஆயின் கண் மங்கல் சத்திரசிகிச்சையால் நீங்கும் வெண்புரையாகலாம். இளைப்பு இருதயத் தளர்ச்சியாகலாம். சிறுநீர் மிகுதி நீரிழிவாகலாம். முதியோரிடத்தும் நீரிழிவுடையாரிடத்தும் மாரடைப்புத்தானும் நெஞ்சுநோவின்றி வெறுங் களைப்பாக வருதல் உண்டு. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின், அவ்விடத்தில் வாவியைக் கடக்கப் படகுப் பாதைக்குக் காத்திருக்கும் நிலை நீங்கிற்று. எனினும் வைத்தியசாலைப் பயணத்தை வீட்டுத் திண்ணையிலேயே நிறுத்திவிடுவது இவ்வெண்ணம்.

மனச்சோர்வின் செயல் இதனினும் சிக்கலானது. அது சிலர்க்குச் சிறுநோவையும் பெருக்கிக் காட்டும். வேறு சிலரை, “இனி இருந்தென்ன” என்னும் வெறுப்பினால், பெருநோவையும் வாய்திறவாது பொறுக்கச் செய்யும். துக்கம் துக்கமாக வெளிப்படாது தலையிடியாகவும் நித்திரையின்மையாகவும் வருதலும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாவலடியை அழித்த இக்கரையோரத்தில், மக்களைப் பறிகொடுத்த முதியோர் சொல்லும் உடல்நோவை வெறும் மனநோவென்று தள்ளுதலும் பிழை. மனத்தை வினவாது மருந்து மட்டும் கொடுத்தலும் பிழை.

இவ்வியல்பு நம்மவர்க்கே உரியதன்று. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துப் பெக்கா லெவியும் உடனாய்வாளரும், ஓகையோ மாநிலத்தில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன 660 பேரைப் பற்றிய செய்திகளை ஆராய்ந்து, 2002இல் முடிபை வெளியிட்டனர். தம் மூப்பை நன்றெனக் கருதியோர் ஏனையோரினும் இடைநிலையாக 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர் என்பது அது. நல்லெண்ணமே மருந்தென இதற்குப் பொருள் கொள்ளலாகாது. மூப்பை இழிவென எண்ணுவோர் தம் உடலைப் பேணும் முயற்சியையும் கைவிடுதல் ஒரு காரணமாதல் கூடும்.

மூப்பு மெல்ல வருவது. ஒரு மாதத்துள் வந்த இளைப்பை அதன் கணக்கில் எழுதுதல் தகாது. ஆதலின், “சுகமா?” என்பதினும், “சென்ற மாரியில் எவ்வளவு தூரம் நடந்தீர்கள், இப்போது எவ்வளவு?” என வினவுதல் பயன் தரும். என் அன்னையாரை நான் அவ்வாறு வினவியபோதுதான், அவர் கோயிலுக்கு நடந்து செல்வதை மூன்று மாதங்களாக நிறுத்தியிருந்தமை வீட்டாருக்குத் தெரியவந்தது.