தகப்பன்களை மாற்றலாம், காதலர்களை? ‘பம்பாய்’ படத்தின் காதல் குறித்து

மணிரத்னத்தின் ‘பம்பாய்’ (1995) என்றதும் நாம் கலவரக் காட்சிகளைத்தான் பேசுகிறோம். யார் கையில் கத்தி, யார் கையில் தீப்பந்தம் என்று கணக்குப் பார்க்கிறோம். காதல் என்னமோ கதைக்குப் போட்ட சர்க்கரை மாதிரி ஒதுங்கிக்கொள்கிறது. ஆனால் படத்தின் கருத்தியல் வேலை முழுவதும் அந்தக் காதலுக்குள்தான் நடக்கிறது.

முதல் பார்வையை எடுத்துக்கொள்வோம். காற்றில் ஷைலா பானுவின் முகத்திரை விலகுகிறது, சேகர் பார்க்கிறான். பார்க்கிறவன் இந்து என்று அந்தச் சட்டகம் சொல்வதில்லை. அவன் படித்தவன், பம்பாய்க்காரன், ‘மனிதன்’, அவ்வளவுதான். பார்க்கப்படுகிறவள் முஸ்லிம் என்பதைத் துணி, கண், வெட்கம் எல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஒருவனுக்கு மதம் என்பது அப்பா பிடிக்கிற பிடிவாதம் மட்டும். இன்னொருத்திக்கு அது உடம்பு. இந்தச் சமமின்மையின் மேல்தான் ‘நாமெல்லாம் இந்தியர்’ என்கிற பெருங்கதையாடல் கட்டப்படுகிறது.

கோடம்பாக்கம் இதில் ஒரு சாமர்த்தியம் செய்தது. இந்துத் தகப்பன் நாராயண பிள்ளையாக நாசர், முஸ்லிம் தகப்பன் பஷீராக கிட்டி. நடிகர்களின் பிறப்பைப் புரட்டிப்போட்டதைச் சமத்துவத்தின் அடையாளமாகவே பலரும் சிலாகித்தார்கள். இருக்கட்டும். ஆனால் தகப்பன்களை மாற்றிப்போட்ட படம் காதலர்களை மாற்றிப்போடவில்லையே, ஏன்? பஷீரின் மகன் நாராயண பிள்ளையின் மகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினால் அந்தக் கதைக்கு இங்கே யார் ஃபைனான்ஸ் தருவார்கள்? ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) படத்தில் பிராமணப் பையன், கிறித்துவப் பெண். அங்கே குறைந்தபட்சம் இவன் பூணூலையும் அவள் சிலுவையையும் கழற்றிப் போடுகிறார்கள். ‘காதலுக்கு மரியாதை’ (1997) படத்திலும் பையன் இந்து, பெண் கிறித்துவள். மதம் மாறினாலும் திசை மாறவில்லை.

காரணம் சினிமாவுக்கு வெளியே இருக்கிறது. நம்ம ஊரில் பெண் எடுத்தவன் ஜெயித்தவன், பெண் போனவன் தோற்றவன். சாதிக்கும் இதுதான் சூத்திரம். பெண் எந்தப் பக்கம் போகிறாளோ அந்தப் பக்கத்துக்கு வாரிசு. ஆகவே பெரும்பான்மையின் ‘பெருந்தன்மை’ பெண்ணை எடுத்துக்கொள்வதாகவே வெளிப்படும், கொடுப்பதாக அல்ல. இரட்டைக் குழந்தைகளுக்குக் கபீர் நாராயணன், கமல் பஷீர் என்று இரண்டு தாத்தாக்களின் பெயரையும் பங்குபோடுவது இந்த ஏற்றத்தாழ்வைப் பூசி மெழுகத்தான்.

பங்குபோடும் இதே தர்க்கம்தான் கலவரத்திலும் ஓடுகிறது. இரு தரப்பும் வெறியர்கள், நடுவில் நல்ல இந்தியன். வெளியீட்டுக்கு முன் படத்தைப் பால் தாக்கரேவுக்குப் போட்டுக் காட்டினார்கள். 1995 ஜூலையில் சென்னையில் இயக்குநரின் வீட்டில் குண்டு வீசப்பட்டது, அவர் காயம்பட்டார். அந்த வன்முறைக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் ‘ரெண்டு பக்கமும் கோபம், அப்போ படம் நடுநிலை’ என்பது வாதம் ஆகாது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் அந்நகரில் இறந்தவர்கள் 900 பேர்; அதில் 575 முஸ்லிம்கள், 275 இந்துக்கள் என்கிறது ஸ்ரீகிருஷ்ணா ஆணையம். தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கீஸ் தத் விருதைப் படம் வாங்கியது. எந்த நிபந்தனையில் ஒருமைப்பாடு என்பதுதான் நம் கேள்வி.

இன்று அந்தத் திசையே அரசியல் ஆகிவிட்டது. முஸ்லிம் ஆண், இந்துப் பெண் என்றால் ‘லவ் ஜிகாத்’ என்று பெயர். உத்தரப் பிரதேசம் 2020 நவம்பரில் மதமாற்றத் தடை அவசரச் சட்டமே கொண்டுவந்தது. கோடம்பாக்கம் சொல்லாமல் விட்ட கதையைக் குற்றமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நமக்குச் சுயமரியாதைத் திருமணம் இருக்கிறதே என்பார்கள். 1967இல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த அந்தத் திருத்தம் இந்து திருமணச் சட்டத்துக்குள் வருவது. இரண்டு இந்துக்களுக்குத்தான் செல்லும். மதம் மாறாமல் சேகரும் ஷைலாவும் சேர வேண்டுமானால் 1954ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. படத்தில் பதிவுத் திருமணம் மளமளவென்று முடிந்துவிடுகிறது. சட்டப்படியோ 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பெயர், முகவரியோடு அதை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். அதை வந்து படிப்பவர்களில் பெண்ணின் அண்ணன்மாரும் இருப்பார்கள், மாமன்மாரும் இருப்பார்கள்.