சொல்லத் தெரியாத சோகம்

நம்ம நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு சிற்றூரில் நடந்தது ஞாபகம் இருக்கும். அங்கே பதினாலு வயசுப் பையன் ஒருவன். பேச்சு குறைவு. நாள் பூராவும் புளியங்கொட்டையை வரிசையாக அடுக்குவான். போளூர் பஸ் சத்தம் கேட்டால் போதும், ஒரே ஓட்டம்!

மூன்று மாதம் கழித்துச் சிலர் மறுபடி போனோம். கொட்டை டப்பா மூலையில் கிடந்தது. பஸ் வந்தது, அவன் எழவில்லை. சாமைச் சோற்றையும் சரியாகத் தொடுவதில்லையாம். "காத்து கருப்பு அடிச்சிருக்கு தம்பி" என்றார் பாட்டி. "இந்தப் பிள்ளைங்க இப்படித்தான்" என்று நாங்களும் நினைத்தோம். தப்பு அங்கேதான்.

ஆட்டிசத்தை 1943இல் 11 குழந்தைகளைப் பார்த்து விவரித்தவர் லியோ கானர். அது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. வளர்ப்புக் கோளாறு அல்ல. மனச்சோர்வும் பதற்றமும் அதன் மேல் வந்து சேர்பவை. 31 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான கணக்குப்படி, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் 100க்கு 40 பேருக்குப் பதற்ற நோய் ஏதாவது ஒன்று இருக்கிறது. இரைச்சல், திடீர் மாற்றம், கேலி எல்லாமே காரணமாகலாம். 'நான் மற்றவங்க மாதிரி இல்லையே' என்று வளரும் பருவத்தில் புரிவதும் ஒரு காரணம்.

ஓவர்லோடு ஆனால் ரிலே டிரிப் ஆவது நமக்குத் தெரியும். பதற்றத்தில் பிள்ளை அலறுவது அந்த மாதிரி, ஊருக்கே கேட்கும். மனச்சோர்வோ வோல்டேஜ் குறைவது போல. விளக்கு எரிகிறது, மங்கலாக. யார் கவனிக்கிறார்கள்?

"கவலையா இருக்கு" என்று பலருக்குச் சொல்லத் தெரியாது. முகமும் காட்டாது. ஆகவே மாற்றத்தைத்தான் பார்க்க வேண்டும்: தூக்கம், சாப்பாடு, பிடித்ததை விட்டுவிடுவது, கையைக் கடிப்பது. பல்வலி, மலச்சிக்கல் கூட இப்படிக் காட்டும் என்பதால் உடம்பையும் சோதிக்கணும். சாவைப் பற்றிப் பேசினால் விளையாட்டு என்று விடவே கூடாது. 2022இல் தொடங்கிய 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். சிகிச்சை உண்டு: படம் வைத்து நடத்தும் மனப்பயிற்சி, தேவைப்பட்டால் மனநல மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கும் மாத்திரை. 2016 சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருப்பதால் ஊனமுற்றோர் சான்றிதழும் வாங்கலாம்.

பையனைத் திருவண்ணாமலைக்கு அழைத்துப் போனார்கள். மருத்துவர் விசாரித்தபோதுதான் தெரிந்தது: தினமும் பஸ் காட்டக் கூட்டிப்போகும் அண்ணன் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். எப்போ வருவான் என்று யாரும் இவனுக்குச் சொல்லவில்லை.

நம்ம சிவில் பிரிவு நண்பர் சார்ட் பேப்பரில் நாட்காட்டி வரைந்து, அண்ணன் வரும் நாளில் ஒரு பஸ் படம் போட்டுக் கொடுத்தார். தினம் ஒரு கட்டத்தை அடிக்கிறானாம். போன வாரம் கொட்டை டப்பாவும் திறந்ததாகப் பாட்டி சொல்லியனுப்பினார்.